கார் ஏன் விடியற்காலையில் அழுதது?

குழந்தை வீறிட்டு அழுதால் நாம் என்ன செய்வோம்? பசியா, ஈரத் துணியா, எறும்பு கடித்ததா, வயிறு உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். யாராவது வந்து, "வாயைப் பொத்திட்டா சத்தம் நின்னுடும்" என்று சொன்னால் அவரைத் திண்ணையை விட்டே இறக்கி விடுவோம், இல்லையா? ஆனால், போன தை மாதம் எங்கள் வீட்டுக் கார் விடியற்காலைகளில் வீறிட்டபோது, வந்தவர் போனவர் எல்லாரும் சொன்ன வைத்தியம் அதுதான். "சைரன் ஒயரைப் பிடுங்கிப் போடுங்க!"

கார் விஷயம் ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே. கடைசியில் இது எங்கே போய் முடிந்தது என்று தெரிந்தால், நீங்களும் ஒரு நாள் காரின் பானெட்டைத் திறந்து பார்ப்பீர்கள்.

எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையில். கொல்லைப்புறம் வேலியைத் தாண்டினால் வயல். வாசலில் ஒரு கொட்டகை. அதில் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய சின்ன கார். பெண் தலைப்பிரசவத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்து, டிசம்பர் நடுவில் பேத்தி பிறந்தாள். மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்பதே ஒரு கணக்கு. பேத்தி இரவு இரண்டு மணிக்கு ஒரு தடவை பால் குடித்துவிட்டு, மூன்றரைக்குத்தான் கண் அயர்வாள். பெண்ணும் அப்போதுதான் கண்ணை மூடுவாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, நாலே முக்காலுக்குக் கார் அலறியது. அடேயப்பா! பக்கத்தில் நின்று கேட்டால் 110 டெசிபலுக்கு மேல் கத்துகிற சைரன்கள் சர்வசாதாரணம். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எங்கள் கார் அந்த விதிகளைப் படித்ததில்லை. பேத்தி இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டாள். (பிறந்த குழந்தை இப்படிக் கையை விரித்துத் திடுக்கிடுவது இயற்கைதான், நாலைந்து மாதத்தில் தானே மறையும். பயந்துபோய் மந்திரிக்க ஓட வேண்டாம்.) மாமியார் எழுந்து உட்கார்ந்து, "திருடனா?" என்றார். இவர் லுங்கியைச் சரி செய்துகொண்டு டார்ச் லைட்டோடு ஓடினார். கொட்டகையில் ஈ, காக்கை இல்லை.

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் இரண்டு தடவை. எதிர்வீட்டு அக்கா, "என்னடி, ஒங்க வீட்டுக் கார்தான் இப்ப எங்களுக்குச் சேவல்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு நாலாம் நாள் நின்று விட்டது. ஐந்தாம் நாள் கார் அலறியபோது தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நிஜமாகவே திருடன் வந்திருந்தாலும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவர் காரை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அவர்கள் பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. "யூனிட் போயிடுச்சு சார். புதுசு போட்டா ஏழாயிரம் ஆகும். வேண்டாம்னா சைரனைக் கட் பண்ணி விட்டுடறேன், காசே வேண்டாம்" என்றார்களாம். இவருக்கு இரண்டாவது யோசனை பிடித்துப் போயிற்று. யாருக்குத்தான் பிடிக்காது? "நாளைக்கே ஒயரை வெட்டிடறேன். நம்ம காரை எவன் திருடப் போறான்?" என்றார்.

"ஏங்க, ஒரு வாரம் பொறுங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா வெட்டுங்க" என்றேன். தினமும் இரண்டு மணி நேரமே தூங்கும் பெண் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ராத்திரிக்கு வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தச் சொல்லி அவளை ஒருமாதிரி சமாதானம் செய்தேன். இரண்டு நாளில் தெருக்கோடிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட, கார் திரும்பக் கொட்டகைக்கே வந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு நாள் அலறியது, ஒரு நாள் அலறவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை.

பேத்திக்கு ஒரு நோட்டு போட்டிருந்தோம். எத்தனை மணிக்குப் பால், எத்தனை தடவை சிறுநீர் என்று. பாலூட்டுகிற தாய்மார்கள் அவசியம் செய்ய வேண்டிய காரியம். டாக்டர் கேட்டால் திருதிருவென்று முழிக்க வேண்டாம். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி "கார்" என்று தலைப்புப் போட்டேன். மணி, பனி உண்டா, காற்று உண்டா, லாரி போனதா, முதல் நாள் கார் எங்கே போயிற்று என்று ஐந்து விஷயம். பெண் சிரித்தாள். ஆனால் என் கண்ணுக்குத் தப்பியதை முதலில் பிடித்தவள் அவள்தான்.

"அம்மா, எல்லாமே நாலரையிலேருந்து அஞ்சேகாலுக்குள்ளதான் வருது பாரு. ராத்திரி பன்னெண்டு, ஒண்ணுன்னு ஒரு நாள்கூட இல்லை."

இவர் லாரிதான் என்று அடித்துச் சொன்னார். சம்பா அறுப்புக் காலம். நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் தெருமுனையில்தான் திரும்பும். வீட்டு ஜன்னலே அதிரும். காரின் அலாரத்தில் அதிர்வை உணரும் சின்னக் கருவி ஒன்று உண்டு. லாரி அதிர்வுக்கு அது கத்துகிறது என்பது இவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் மாட்டுப் பொங்கலன்று ஒரு லாரிகூட ஓடவில்லை. அன்றைக்கும் நாலு ஐம்பதுக்கு அலறல். அப்புறம் இவர் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போய், மண்டபத்து வாசலில் ராத்திரி முழுக்கக் காரை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் பஸ்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தனவாம். கார் ஒரு முனகல்கூட முனகவில்லை!

பாட்டி வீட்டில் சமர்த்தாக இருந்துவிட்டு, நம் வீட்டுக்கு வந்ததும் அழுகிற குழந்தையைப் பார்த்ததில்லையா? அப்போது குழந்தையை மட்டும் பார்த்தால் போதாது. நம் வீட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அந்த யோசனை எனக்கு வந்தது வாஸ்தவம். ஆனால் நான் போட்ட கணக்கு பனி. வயலோரம், கொட்டும் தைப்பனி, ஏதோ ஒரு ஸ்விட்சில் ஈரம் இறங்குகிறது என்று முடிவே கட்டி விட்டேன்.

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "அம்மா, இந்த மாதிரி யாரும் எழுதி வச்சதில்லை. பாதி வேலை முடிஞ்சு போச்சு" என்றார். அவருக்கு அன்று இரண்டு டம்ளர் காப்பி கொடுத்தேன்!

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அலாரம் என்பது ஒரு சின்ன மூளைப் பெட்டி. டாஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதற்குச் செய்தி சொல்ல நாலைந்து ஒற்றர்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஸ்விட்ச், பானெட்டுக்கு ஒரு ஸ்விட்ச், அதிர்வுக் கருவி, அப்புறம் பேட்டரியின் மின் அழுத்தம். எங்கள் காரில் கதவு திறந்தால் ஸ்விட்ச் ஒயரைக் காரின் இரும்பு உடம்போடு சேர்த்து விடும். உடனே பெட்டி, "யாரோ திறந்துட்டான்" என்று சைரனை அடிக்கும். ஆகவே பெட்டி பொய் சொல்வது அபூர்வம். ஒற்றர்களில் ஒருவன்தான் தப்பான செய்தி கொடுக்கிறான். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. ஏனென்றால் இப்படிப்பட்ட தொந்தரவுகளில் அதன் பங்கு அதிகம். இன்ஜின் ஓடாமல் நிற்கும் போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எங்களுடையது 12.1 காட்டியது. பாதிக்கும் கீழே. காரணம் இருந்தது. பிரசவ வீடு என்று கார் வாரக்கணக்கில் நின்றே கிடந்தது. நிற்கிற காரிலும் அலாரம், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி காலி. அழுத்தம் திடீரென்று இறங்குவதைச் சில பெட்டிகள் "எவனோ கதவைத் திறந்து உள்விளக்கைப் போட்டுவிட்டான்" என்று எடுத்துக்கொள்ளுமாம்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதற்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில், பாஸிட்டிவை அப்புறம். மாட்டும்போது இதற்கு நேர்மாறு. பழைய பல்துலக்கியைச் சோடா நீரில் தோய்த்துத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரி மூடிகள் வழியே உள்ளே ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. கையுறை அவசியம், அந்தப் பூப்பில் அமிலம் இருக்கிறது. கழுவித் துடைத்து மாட்டிய பிறகு லேசாக வாஸ்லைன். சில சைரன்களுக்குள்ளேயே தனி பேட்டரி உண்டு. காரின் பேட்டரியைக் கழற்றியதும் அவை அலற ஆரம்பிக்கும். சைரனிலேயே ஒரு சின்னச் சாவித் துவாரம் இருக்கும், முதலில் அதை அணைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல், பட்டப்பகலில் பேத்தி ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டு விழித்தாள். பெண் என்னோடு மத்தியானம் வரை பேசவில்லை.

பேட்டரியை வெளியில் கொடுத்து சார்ஜ் ஏற்றி மாட்டினோம். எல்லாருக்கும் நிம்மதி. மறுநாள் நாலே முக்காலுக்கு அலறல்!

இவர் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்து விட்டார். நான் தம்பிக்கு போன் செய்தேன். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்கம்மா. ஒரு ராத்திரிக்கு ஒண்ணு" என்றார். ஆறு மாதக் குழந்தைக்குத் திட உணவு ஆரம்பிக்கும்போது நாம் செய்வதும் இதுதானே? ஒரு புதுப் பண்டம் கொடுத்தால் மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரே நாளில் கேழ்வரகும் வாழைப்பழமும் முட்டையும் கொடுத்துவிட்டு, உடம்பில் தடிப்பு வந்தால் எதைக் குற்றம் சொல்வது?

முதல் ராத்திரி அதிர்வுக் கருவியின் திருகைக் குறைத்து வைத்தோம். அலறியது. மறுநாள் சாயந்திரம் இருட்டியதும் காருக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு கதவாக மெல்ல ஆட்டிப் பார்த்தேன். கதவு ஸ்விட்ச் கெட்டிருந்தால் உள்விளக்கு மினுக்கும். மினுக்கவில்லை. மிச்சம் இருந்தது பானெட் ஸ்விட்ச். டாஷ்போர்டுக்குக் கீழே மூளைப் பெட்டியில் பானெட்டுக்கான ஒயரை மட்டும் தம்பி உருவி விட்டார்.

அன்று ராத்திரி... நிசப்தம். ஆறு மணிக்குப் பேத்திதான் எங்களை எழுப்பினாள். பெண் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். இவரும் அதைத்தான் சொன்னார். தம்பி ஒப்பவில்லை. "ஒரு நாள் அடங்கினது பத்தாது சார். திரும்ப மாட்டினா அழணும். அப்பத்தான் இதுதான்னு நிச்சயம்." மறுநாள் மாட்டினோம். ஐந்து மணிக்கு அழுதது! அந்த அலறலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

சரி, பானெட் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று நூற்றைம்பது ரூபாய்க்குப் புது ஸ்விட்ச் வாங்கி மாட்டினார். பழையதைக் கழற்றி என்னிடம் காட்டினார். துருவும் இல்லை, ஈரமும் இல்லை. என் பனிக் கணக்கு அங்கேயே பொய்த்தது. புது ஸ்விட்ச் போட்ட மறுநாள் காலையும் கார் அலறியது.

அது புதன்கிழமை. பேத்திக்கு ஒன்றரை மாத ஊசி. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு எல்லாம் ஆறாவது வாரத்தில் உண்டு. நாள் தள்ளாமல் போட வேண்டும். ஒன்பது மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. தம்பி ஏழு மணிக்கே வந்து விட்டார். "ஸ்விட்சும் நல்லாருக்கு, பெட்டியும் நல்லாருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒயர்தான் பாக்கி" என்று பானெட்டைத் தூக்கி, ஒயர் போகும் வழியே கையை விட்டுக்கொண்டே போனார். என்ஜினுக்குப் பின்னால், வைப்பருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதுவரை யாரும் அதைக் கழற்றவில்லை. கழற்றினார்.

உள்ளே ஒரு கூடு! வைக்கோல், நெற்கதிர்கள், தேங்காய் நார், அதன் மேல் மெத்தை மாதிரி பேத்தியின் நாப்கின் துணி ஒன்று, பொடிப் பொடியாகக் கிழிக்கப்பட்டு. அந்தத் துணியைக் காணோம் என்று வேலை செய்யும் பெண்மணியை நான் கேட்டிருந்தேன். (அன்றே மன்னிப்புக் கேட்டேன்.) கூட்டுக்கு அடியில் பானெட் ஒயர். இரண்டு விரற்கடை நீளத்துக்கு மேல்தோல் கடிபட்டு, செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. அது காரின் இரும்பைத் தொட்டால் போதும், பானெட் திறந்தாகி விட்டது என்று பெட்டிக்குச் செய்தி போய்விடும்.

எலி ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு, விடிவதற்கு முன் கூட்டுக்குத் திரும்பும். திரும்பிப் படுத்துப் புரளும்போது கம்பி இரும்பில் படும். நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் காரணம் அதுதான். தஞ்சாவூர் மண்டபத்தில் அழாததற்கும் காரணம் அதுதான். கூடு காரோடு போயிற்று, எலி ஊரிலேயே இருந்துவிட்டது. கொல்லை வயலில் அறுவடை மெஷின் இறங்கியது முதல் அலறலுக்கு இரண்டு நாள் முன்புதான். நோட்டில் லாரியை எழுதினேன், பனியை எழுதினேன். கண்ணெதிரே நடந்த அறுப்பை எழுதத் தோன்றவில்லை பாருங்கள்! பயிர் போனால் வயல் எலிக்குத் தங்க இடமில்லை. ஓட்டி வந்து நிறுத்திய காரின் வெதுவெதுப்பை விட வேறென்ன வேண்டும்?

நான் இதையெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். தம்பி பதில் பேசவில்லை. ஒயரைப் பற்ற வைக்கச் சூடேற்றியிருந்த சால்டரிங் அயர்னின் ப்ளக்கைப் பிடுங்கி, எடுத்துக்கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். அப்புறம், "அம்மா, ரெண்டு நாளா பெட்ரோல் வாசனை வந்துச்சா?" என்றார்.

வந்தது. மூன்று நாள் முன்பு, கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பெண் சொன்னாள். அப்போதுதான் பங்க்கில் பெட்ரோல் போட்டிருந்ததால், அந்த வாசனை என்று நாங்கள்தான் அவளை அடக்கினோம்.

கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, என்ஜினுக்குப் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய். அதில் வரிசையாகப் பல் தடம். ஓர் இடத்தில் நசநசவென்று ஈரம். இந்தக் காலத்துக் கார்களில் என்ஜின் ஓடும்போது பெட்ரோல் அந்தக் குழாயில் நல்ல அழுத்தத்தோடு போகும். ஒரு பிளவு விட்டால் சூடான என்ஜின் மேல் பீச்சும். இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காரில் ஏறியிருப்போம்.

இவர் ஒன்றும் பேசாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "முதல் நாளே ஒயரை வெட்டியிருப்பேன்" என்றார். நானும் "நான்தான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. அன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை.

ஊசிக்கு ஆட்டோவில் போனோம்.

பெட்ரோல் வாசனை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பாதீர்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. காரைக் கையால் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குழாயில் டேப் சுற்றி ஒப்பேற்ற விடாதீர்கள். அழுத்தம் தாங்கும் சரியான குழாயும் புதுக் கிளிப்பும் போட வேண்டும். எங்களுக்கு மெக்கானிக் அப்படித்தான் மாற்றினார். ஒயரைத் தம்பி மறுநாள் பற்றவைத்து, மேலே நெளிவுக் குழாய் மாட்டிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து, அந்தப் புது யூனிட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

கூட்டை எடுக்கத் தம்பி வெறும் கையை நீட்டியபோது நான் தடுத்தேன். அவர் விரலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. எலிக்காய்ச்சலைப் பற்றி நம் டெல்டாவில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி காயத்தின் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஈரத்தில் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அதிகம் வருவது இதனால்தான். காய்ச்சல், தலைவலி, முக்கியமாகக் கெண்டைக்கால் சதையில் கடுமையான வலி, கண் சிவப்பது, இவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. முற்றினால் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் வரும். ஆரம்பத்திலேயே போனால் மாத்திரையிலேயே தீரும் நோய். "எலி இருந்த இடத்தில் வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

கூட்டைத் துடைப்பத்தால் பெருக்குவது தப்பு. தூசி பறந்து மூக்கில் ஏறும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ரப்பர் கையுறையும் வாய்மூடியும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் கூட்டின் மேல் நனைத்து, ஐந்து பத்து நிமிஷம் விட்டு, ஈரத்தோடு அள்ளி இரட்டைப் பையில் கட்டினேன். மற்ற இடங்களை அதே நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் வெறும் தண்ணீர்த் துணியால் இன்னொரு தரம் துடைத்தேன், இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மின்சாரப் பாகங்கள் மேல் எதையும் ஊற்றக் கூடாது.

பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா பாச்சை உருண்டை பொட்டலத்தையே கொண்டு வந்துவிட்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுல இது வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தேன். நாப்தலீன் வாடை, ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்த அணுக்களை உடைத்துக் கடுமையான காமாலையைக் கொண்டுவரும். குறை இருப்பது வெளியில் தெரியாது. கார் ஏசி வழியாக அந்த வாடை உள்ளே வரும். பழைய துணிகளைப் பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்துக் குழந்தைக்கு அப்படியே சுற்றுவதும் கூடாது. துவைத்து, வெயிலில் உலர்த்தி, வாடை போன பிறகே உபயோகியுங்கள். எலிப் பசை பேச்சே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை வயிற்றில் போனால் முதல் ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்து, பிறகு கல்லீரலை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தவழும் குழந்தைக்குப் பிஸ்கட்டும் ஒன்றுதான், அதுவும் ஒன்றுதான். லாரி டிரைவர்கள் பானெட்டுக்குள் புகையிலைக் காம்பைக் கட்டி வைப்பார்கள். சில நாள் பலிக்கும், வாடை போனால் பலிக்காது.

எங்களுக்குப் பலித்தது பழைய முறைதான். கொல்லை வேலியோரம் கிட்டி வைக்க ஒருவரை அழைத்தோம். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டிச் செய்யும் இந்தப் பொறிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர். விவசாயத் துறைக்காரர்களும் விஷத்துக்குப் பதிலாக இதைச் சிபாரிசு செய்கிறார்கள். நாலு ராத்திரியில் பதினோரு எலி! வைக்கோல் போரைக் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் மாற்றினோம். வயலில் ஆந்தை வந்து உட்கார டி மாதிரி இரண்டு குச்சி நட்டார் இவர். ஆந்தை அலறினால் ஆகாது என்று மாமியாருக்கு வருத்தம். "கார் அலறினதுக்கு ஆந்தை தேவலை, அத்தே" என்றேன். ஒத்துக்கொண்டார்.

வாரத்தில் இரண்டு நாளாவது காரை எடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்ப்பது என் பொறுப்பு. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு, கல்யாண ஆல்பம் வைத்திருந்த டிராயரில் அலாரத்தோடு வந்த சின்னப் புத்தகம் கிடைத்தது. அலறிய பிறகு ரிமோட்டை அழுத்தினால், டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறதோ அதை வைத்து எந்த ஒற்றன் செய்தி கொடுத்தான் என்று தெரிந்துகொள்ளலாமாம். எங்கள் காரில் மூன்று தடவை என்றால் பானெட். முதல் நாளே விளக்கு மூன்று தடவை மினுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்! உங்கள் வீட்டுப் புத்தகம் எங்கே என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு மாறும்.

பெண் இன்னும் இரண்டு வாரத்தில் கோயம்புத்தூர் கிளம்புகிறாள். நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறாள். கடைசிப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிடு என்றேன், கொடுக்க மாட்டேன் என்கிறாள்.